செப்புப் பெட்டிச் சட்டம், 1967

என் நாட்குறிப்புகள் ஓர் அலமாரியில் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. 1958 முதல் ஒரு நாள் விடாமல் எழுதியவை. அவற்றில் ஒரு நோட்டு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். தாள்கள் பொரித்த அப்பளம்போல் நெளிந்திருக்கும். 1967 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் பதினான்கு வரைக்குமான நோட்டு அது. திறந்தால் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலில் ஒரு தேதியும் கிழமையும் இருக்கும். கீழே வெளிறிய நீலக் கறையைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த ஏழரை மாதத்தில் எந்தத் தேதி எந்தக் கிழமை என்று சத்தியம் செய்வேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குத்தான் என்னிடம் சான்று இல்லை.

ஆகவே இங்கே ஆகஸ்ட் நடுவுக்கு முந்தியவற்றை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். பிந்தியவை அடுத்த நோட்டில் இருக்கின்றன.

அப்போது நான் கடலூர் ஓ.டி. என்ற பழைய டவுனில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா. துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில், எங்கள் வாசகசாலை இருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அங்கே மாதிரிச் சட்டசபை கூடும். இருபத்திரண்டு உறுப்பினர்கள். ஜன்னல் பக்கம் ஆளுங்கட்சி, அலமாரிப் பக்கம் எதிர்க்கட்சி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்வோம். ஜன்னல் பக்கம் காற்று வரும் என்பதால் ஆட்சி மாற்றத்தை யாரும் தள்ளிப்போட முடியாது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர் சபாநாயகர். அவர் முன்னால் ஒரு மரக்கட்டையில் சைக்கிள் மணியை முடுக்கி வைத்திருப்பார். எதிர்க்கட்சித் தலைவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. சபை விதிகளை அவர் அளவுக்கு அறிந்தவர் எங்களில் இல்லை. நான் செயலாளர். மசோதாக்களை எழுதுவதும் நடவடிக்கைக் குறிப்பைப் பதிவதும் என் வேலை.

எனக்கு அடுத்த நாற்காலி ரங்கூன் டைலருடையது. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருடைய பாட்டன் காலத்தில் இங்கிருந்து பர்மாவுக்குப் போன குடும்பம். அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1965இல் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் கப்பலேறி வந்தார். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்தார். கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில்தான் ஐந்து பேரும். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டாவது சட்டை தைத்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம்.

1967 கோடையில், வெளிநாட்டில் எங்கோ பிற்காலத்தவருக்காகப் பொருள்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். ஆகஸ்டில் சுதந்திரத்துக்கு இருபது ஆண்டு நிறைகிறது. நாமும் ஒரு காலப் பெட்டி புதைக்கலாம், அதையும் முறைப்படி சட்டமியற்றிச் செய்யலாம் என்று மசோதா கொண்டுவந்தேன்.

முதல் இரண்டு ஞாயிறும் தலைப்பிலேயே போயின. வக்கீல் குமாஸ்தா எழுந்து, "வருவது இருபத்தோராவது சுதந்திர தினம். நாற்பத்தேழிலேருந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்க. இருபதுன்னு எழுதினா வருங்காலம் சிரிக்கும்" என்றார்.

"தினம் இருபத்தொண்ணு, நிறையுற ஆண்டு இருபது" என்றேன்.

கயிற்றுக் கடைக்காரர் ஒருவர் ஆளுங்கட்சியிலிருந்து, "புள்ளை பொறந்த அன்னைக்கே ஒரு வயசுன்னு சொல்லுவீங்களாய்யா?" என்று கேட்டார். மணி அடித்தது. இருபது நின்றது.

எப்போது திறப்பது என்பதில் நான் ஜெயித்தேன். 1997 ஆகஸ்ட் 15, ஐம்பது ஆண்டு நிறைவு நாள். முப்பது வருஷத்துக்கான கிழமைக் கணக்கை வீட்டில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1997 ஆகஸ்ட் 15ம் வெள்ளிக்கிழமை. இதைச் சொன்னதும் எதிர்க்கட்சிகூட மேசையைத் தட்டியது.

டைலர் மட்டும் எழுந்து, "சபாநாயகர் அவர்களே, ஜும்மா நாளாச்சே. தொழுகை முடிஞ்சி ரெண்டு மணிக்கு மேலதான் வருவேன். அதுக்கு முன்னாடி தொறந்துறாதீங்க" என்றார்.

"கனம் உறுப்பினரின் கோரிக்கை குறிப்பில் ஏறும்" என்றார் சபாநாயகர். ஏற்றினேன்.

சட்டத்தில் ஒன்பது பிரிவுகள். மூன்றாம் பிரிவு முழுக்க என்னுடையது. ஒவ்வொரு உறுப்பினரும் தம் வாழ்க்கைக்குச் சான்றான ஒரு பொருளை வைக்க வேண்டும், அது அசலாக இருக்க வேண்டும், நகல் கூடாது. சரித்திரம் நகல்களால்தான் கெட்டது என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஏழாம் பிரிவும் என் பேனாவிலிருந்து வந்ததுதான். 'குறித்த நாளுக்கு முன் எக்காரணம் கொண்டும் பெட்டி திறக்கப்படலாகாது.' எக்காரணம் கொண்டும் என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

பெட்டி செய்யச் சொன்னது சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் செப்புப் பாத்திரம் செய்துவந்த ஒரு கன்னாரிடம். அதை வாங்கிவர நானும் டைலரும் ஜங்ஷனில் காலை வண்டி ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன் தவறாமல் நின்று போன வண்டி. டைலர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கன்னார் செப்புப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "கோயிலுக்கா, சம்பந்தி வீட்டுக்கா?"

"ரெண்டும் இல்லைங்க. முப்பது வருஷம் கழிச்சி வர்றவங்களுக்கு" என்றார் டைலர்.

"மண்ணுல புதைக்கப் போறீங்களா? அப்ப பூட்டு எதுக்கு? சாமானை வச்சிட்டு இங்க கொண்டாங்க, மூடியைச் சுத்தி ஈயம் பத்தவச்சித் தர்றேன். சொட்டுத் தண்ணி போவாது."

நான் மறுத்துவிட்டேன். ஐந்தாம் பிரிவின்படி பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி சபாநாயகரிடம், ஒன்று எங்கள் சபையின் முதலமைச்சரிடம், ஒன்று எதிர்க்கட்சித் தலைவரிடம். மூடியின் விளிம்பில் அரக்கு முத்திரை. ஈயம் பற்றவைத்தால் பூட்டுக்கு என்ன அர்த்தம்? கன்னார் என்னை ஒரு முறை பார்த்தார். "ஆபீசு வேலையா தம்பிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது டைலர் தம்முடைய பொருள் எதுவென்று சொன்னார். கப்பலிலிருந்து சென்னையில் இறங்கியபோது கொடுத்த அடையாள அட்டை. குடும்பத்தார் ஐவரின் விவரமும், இறங்கிய நாளின் ஊதா நிற முத்திரையும் அதில் இருக்கும். ஒரு முறை பார்த்திருக்கிறேன். தேதி அவ்வளவு சுத்தமாக விழுந்த முத்திரையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அது வேணுமே மச்சான் உனக்கு" என்று பேருக்குச் சொன்னேன். மனசுக்குள் அந்த முத்திரை பெட்டிக்குள் போவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"எதுக்கு வேணும்? அது கையில இருக்குற வரைக்கும் நான் அகதி. இந்த மண்ணுல பொதைச்சிட்டா ஊர்க்காரன்" என்றார்.

1967 ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை. பிலவங்க ஆண்டு ஆடி மாதக் கடைசி. ஹிஜ்ரி 1387, ஜமாதுல் அவ்வல். மூன்று கணக்கிலும் எழுதிய செப்புத் தகடு ஒன்றைப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதன் மேல் அன்றைய செய்தித்தாள், கயிற்றுக் கடைக்காரர் கொடுத்த ஒரு முழம் தோணிக் கயிறு, வக்கீல் குமாஸ்தாவின் முதல் சம்பளத்துப் பேனா, சபையின் சட்டங்களும் நடவடிக்கைக் குறிப்பும், முந்தின நாள் வரை எழுதிய என் நாட்குறிப்பு. என் மகா பொக்கிஷம் அதுதான். டைலர் கடைசியாக வந்தார். அவர் கையில் அட்டை இல்லை. பெரிய தகர டப்பா ஒன்று இருந்தது. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது.

"என்னய்யா இது, முறுக்கா?" என்றார் வக்கீல் குமாஸ்தா.

"என் வீட்ல பண்ணின வேலை. கார்டை மெழுகுத் துணியில சுத்தி உள்ள வச்சிருக்கா. கப்பல்ல இப்படித்தான் கொண்டாந்தோம். வெறுங்காயிதமாக் குடுக்க மாட்டேன்னுட்டா."

டப்பா பெரிதாக இருந்ததால் என் நாட்குறிப்பை ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பூட்டினோம், அரக்கு வைத்தோம், வாசகசாலையின் பின்முற்றத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, சபை கூடுவதற்கு முன்பாகவே டைலரின் மனைவி மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, புது டவுன் என்.டி. ஆபீசுல மனைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பர்மாவுலேருந்து வந்தவங்களுக்கு வீடு கட்டிக்க மனை. செவ்வாக்கெழமைக்குள்ள அசல் கார்டைக் காட்டணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்."

"மச்சான் ஒண்ணும் சொல்லலியேம்மா?"

"அவுங்க எப்படிச் சொல்லுவாங்க? சட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டேன், கேக்க மாட்டேங்குறாங்க. ராத்திரிபூரா ஒழுவுது. தைக்கக் குடுத்த தீவாளித் துணியைக் கட்டில்ல வச்சிட்டு நாங்க அஞ்சு பேரும் உக்காந்துக்கிட்டு இருக்கோம். நீங்க எழுதுன சட்டம்தானே? நீங்களே அடிச்சிட்டு எழுதுங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அசல் என்று எழுதியது நான். எக்காரணம் கொண்டும் என்று எழுதியதும் நான். நல்ல வேளையாக அந்தச் சமயத்தில் மாடியில் வேறு யாரும் இல்லை.

நாலு மணிக்குச் சபை கூடியது. டைலர் வந்து உட்கார்ந்தார். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய காப்பைக் கழற்ற மறந்திருந்தார். நான் எழுந்து, ஏழாம் பிரிவுக்குத் திருத்தம் வேண்டும் என்று காரணத்தோடு சொன்னேன்.

டைலர் என் வேட்டி நுனியை இழுத்தார். "உக்காரு மச்சான். மானத்தை வாங்காத."

வக்கீல் குமாஸ்தா எழுந்தார். "ஆகஸ்டுல எக்காரணம் கொண்டும். ஐப்பசியில ஒரே ஒரு காரணம். ஊருக்கு ஒரு சட்டம், செயலாளர் மச்சானுக்கு ஒரு சட்டமா?"

ஆளுங்கட்சியில் கூச்சல். மணி அடித்தபடி இருந்தது. "அசல் வேணும்னு கேட்டது என் ஆசை. முத்திரையிலே தேதி நல்லா விழுந்திருந்துச்சி, அதுக்காகத்தான். தப்பு என்னுது, தண்டனை அவர் புள்ளைங்களுக்கா?" என்றேன். என் குரல் எனக்கே விநோதமாகக் கேட்டது. அந்தச் சபையில் அதுவரை நான் எழுதியதை வாசித்திருக்கிறேனே தவிரப் பேசியதில்லை.

கூச்சல் அடங்கியது. வக்கீல் குமாஸ்தா உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேணும். விதி பதினொண்ணு. செவ்வாய்க்கு ரெண்டு நாள்தான் இருக்கு. ஆகவே திருத்தம் செல்லாது" என்றார். அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "ஆனா சபை கூடியிராத நேரத்துல அவசரச் சட்டம் கொண்டாரலாமே. அதுக்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை" என்றார்.

சபாநாயகர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மணியை நீளமாக அடித்து, "சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவசரச் சட்டத்துல ஆளுநர் கையெழுத்துப் போடணும். நமக்குத்தான் ஆளுநரே இல்லையே?" என்று கேட்டேன்.

"கட்சி சார்பு இல்லாத ஆளா ஒருத்தரைப் போட்டுக்குங்க" என்றார் வக்கீல் குமாஸ்தா.

"கீழ இருக்காரே, ரெண்டு கட்சிக்கும் ஒரே டீயைத்தானே ஊத்துறாரு" என்றார் கயிற்றுக் கடைக்காரர்.

நின்ற நிலையில் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சின்னச் சட்டம் அது. ஒரே வாக்கியம். இருபத்திரண்டு பேரும் படியிறங்கி டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"என்னாத்துக்கு என் கையெழுத்து?"

"பெட்டியைத் தொறக்க."

"அதுக்குக் கடப்பாரை போதுமே."

ஆனாலும் போட்டார். தாளின் ஓரத்தில் டீ கிளாசின் வட்டம் விழுந்தது. அதை அரசு முத்திரையாகவே வைத்துக்கொண்டோம்.

மழை விட்டிருந்தது. தோண்டத் தோண்டக் குழிக்குள் நீர் ஊறியது. பெட்டியைத் தூக்கியபோது அதன் கனம் மாறியிருந்தது. மூன்று பூட்டும் பத்திரமாக இருந்தன. அரக்கு முத்திரை ஒன்றுகூட உடையவில்லை. மூன்று சாவிக்காரர்களும் முறையாக வந்து திறந்தார்கள். மூடியைத் தூக்கியதும் நீலத் தண்ணீர் வழிந்தது.

முப்பது வருஷத்துக்கென்று வைத்த பெட்டி மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. செய்தித்தாள் கூழாகியிருந்தது. சட்டங்களும் குறிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. கயிறு ஊறிப் பெருத்திருந்தது. அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழரை மாதமும் நான் நிரப்பிய மைதான் அது.

டைலர் தகர டப்பாவை எடுத்து மெழுகைப் பல்லால் கடித்துப் பெயர்த்தார். மெழுகுத் துணி உலர்ந்திருந்தது. அட்டை போன நாள் மாதிரியே வந்தது. ஊதா முத்திரையில் ஒரு கோடுகூடக் கலையவில்லை. அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு குனிந்து என் நோட்டை இரண்டு கையாலும் எடுத்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"மச்சான், உன் எழுத்தெல்லாம்..."

"அது கெடக்கட்டும். நீ வீட்டுக்குப் போயி தங்கச்சிகிட்ட கார்டைக் காட்டு" என்றேன்.

அவர் நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்.டி.க்குப் போய் அட்டையைக் காட்டி, பெயரைப் பதிந்துவிட்டு, மதியத்துக்குள் திரும்பினார். தீபாவளிக்கு முந்திய திங்கட்கிழமை. தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்திருந்தது. சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அவர் தையல் மெஷினில் இல்லை. கரிப் பெட்டியில் தணல் போட்டு, என் நோட்டின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே மல் துணி விரித்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி காய்ந்த தாள்களை வரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பேனா எழுத்து வரல அண்ணே. மூலையில பென்சில்ல எழுதினது மட்டும் நிக்குது" என்றார்.

நானும் உட்கார்ந்து அடுக்குவதற்கு உதவினேன். ஒரு தேதியும் விட்டுப்போகவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவசரச் சட்டத்துக்குச் சபை ஒப்புதல் தந்தது. பெட்டியை இனி புதைக்க வேண்டாம், அலமாரி மேல் வைத்து ஆண்டுதோறும் ஒரு நாள் வெயில் காட்டலாம் என்று வக்கீல் குமாஸ்தாவே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஏழு நாள் முன்னறிவிப்போடு. இரண்டு ஆண்டுகள் வெயில் காட்டினோம். பிறகு வாசகசாலை கலைந்தது. பெட்டி யார் வீட்டுக்குப் போனது என்று என் குறிப்பில் இல்லை. டைலருக்கு மனை கிடைத்தது. சுவர் எழுப்ப இரண்டு வருஷமானது. கூரை போட்ட அன்று மழை வந்தது, ஒழுகவில்லை. அது என் நோட்டில் இருக்கிறது. அதன் பிறகு நான் வேலை மாறிச் சிதம்பரத்துக்குக் குடிவந்தேன்.

1997 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமைதான். கணக்கு தப்பவில்லை. காலை பஸ்ஸில் கடலூருக்குப் போனேன். சட்டம் ரத்தாகவில்லையே. வாசகசாலை இருந்த மாடி இடிந்து, கீழே டீக்கடை இருந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பின்முற்றத்தில் கொடிக்கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. சபாநாயகரும் வக்கீல் குமாஸ்தாவும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். பன்னிரண்டு மணிவரை யாரும் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. கடை நிழலில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷம். வெள்ளைத் தொப்பியோடு, நரைத்த தாடியோடு, கைத்தடி ஊன்றி வந்தார். கக்கத்தில் அந்தத் தகர டப்பா.

"ஜும்மா முடிஞ்சிதான் வருவேன்னு அன்னைக்கே சொன்னேன்ல. குறிப்புல ஏத்துனியா இல்லையா?"

"ஏத்துனேன் மச்சான். அழிஞ்சி போச்சி."

அங்கேயே டப்பாவைத் திறந்து மெழுகுத் துணியைப் பிரித்தார். அட்டை பழுத்திருந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூணாம் பிரிவு. அசல். பாத்துக்க." நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஐவரின் விவரம், ஊதா முத்திரை. வேடிக்கை பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அதைக் கொடுத்து, "இவருக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

நகல் கூடாது என்று வாய்வரை வந்தது.  அந்த நகல் இன்று தடித்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆகஸ்ட் 14, திங்கள் என்ற பென்சில் எழுத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. மெஷினிலிருந்து சூடாக வந்த தாளை அவர்தான் முதலில் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"தேதி சரியா விழுந்திருக்கா பாரு மச்சான்."

விழுந்திருந்தது.